கீழ்ப்பல் நாலும் தப்பிப்பது எப்படி?

(ஆர்.கே.பேட்டையில் நெசவாளர்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தறி ஓடாத நேரமாகப் பார்த்துக் கூட்டம் வைத்ததற்கு முதலில் நன்றி. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசுவது உங்களுக்குப் பழக்கம், எனக்கு வராது.

கூட்டம் தொடங்குமுன் முன்வரிசைப் பிள்ளைகளைக் கொஞ்சம் சிரிக்கவைத்துப் பார்த்தேன். ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும். சிரித்த உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டது. மூன்று வயதில் அந்த வெட்கம் தானாக வராது. யாரோ கேலி செய்திருக்கிறார்கள். மெல்லக் கையை விலக்கிப் பார்த்தேன். மேல்வரிசை முன்பல் நான்கும் ஈறோடு ஈறாகக் கரைந்து பழுப்புக் கட்டையாக நிற்கின்றன. கீழ்வரிசை முன்பல் நான்கும் பச்சரிசி மாதிரி பளிச்சென்று இருக்கின்றன.

ஒரே வாய். ஒரே பால். அதில் கரைத்த சர்க்கரையும் ஒன்றுதான். அப்புறம் எப்படி மேலே நாலும் போய்க் கீழே நாலும் தப்பித்தன? இன்றைக்கு இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

முதலில் பெயர். சொத்தைப் பல் என்கிறோம், பூச்சிப் பல் என்கிறோம். உங்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கில் ‘பிப்பி பன்னு’ என்பீர்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. எல்லைக் கோடு நகர்ந்ததே தவிர, நாக்கில் இருக்கும் இரண்டு மொழியும் நகரவில்லை.

பூச்சி என்ற சொல் எப்படி வந்தது? கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையை வாய்க்குள் பிடிக்கவைத்து, ‘இதோ பாரு, பூச்சி விழுந்திடுச்சு’ என்று காட்டுகிற வைத்தியம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்கெல்லாம் தெரியும். பல்லுக்குள் புழு கிடையாது. ஆனால் ‘ஏதோ ஒரு உயிர் உள்ளே இருந்து அரிக்கிறது’ என்று நம் பாட்டிமார் நினைத்தது முழுத் தவறும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது. அதுவும் பல்லைக் கடித்துத் தின்பதில்லை. நாம் தின்ற சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்குகிறது. அந்தப் புளிப்புதான் பல்லைக் கரைக்கிறது. மில்லர் என்கிற அமெரிக்கர், பெர்லினில் வேலை பார்த்தவர், 1890-இல் இதைப் புத்தகமாக எழுதினார். பிடுங்கிய பல்லை எச்சிலும் ரொட்டியும் கலந்து உடல் சூட்டில் வைத்திருந்தார். பல் மெத்தென்று ஆனது. எச்சிலில் இறைச்சியைப் போட்டு வைத்தார். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் புளிப்பை அளக்க ஓர் அளவு உண்டு, பி.எச். என்பார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். 1940-களில் ஸ்டீபன் என்பவர் பல்லின் மேல் படிந்திருக்கும் அழுக்கிலேயே இதை அளந்து பார்த்தார். சர்க்கரைத் தண்ணீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் அளவு சரசரவென்று இறங்குகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. திரும்பக் கொண்டுவருவது எது? எச்சில். வெறும் எச்சில்தான்.

எச்சில் என்றால் நமக்கு ஒரு அருவருப்பு. எச்சில் இலை, எச்சில் கை என்று தள்ளி வைத்தே பழகிவிட்டோம். பல் வைத்தியனாக எனக்கு அதைப்போல மதிப்பான சரக்கு வேறு இல்லை. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. புளிப்பை முறிக்கிறது, கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பல்லிலேயே பதிக்கிறது. காசு வாங்காமல் நாள் முழுக்கப் பூச்சு வேலை பார்க்கிற கொத்தனார் மாதிரி.

ஆனால் அந்தத் தண்ணீர் வாய் முழுக்கச் சமமாகப் பாய்வதில்லை. வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடியில், கீழ் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு சின்ன மொட்டு தெரியும். ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மொட்டிலிருந்து தண்ணீர் ஊறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது ஒரு மதகு. கன்னத்தின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று இன்னும் இரண்டு மதகு. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மதகுக்குப் பக்கத்து வயல் எப்போதும் நனைந்திருக்கும். கடைமடை காயும். வாயில் கடைமடை எது தெரியுமா? மேல் முன்பற்களின் வெளிப்பக்கம், உதட்டுக்கு உள்ளே இருக்கிற பகுதி. கனடாவைச் சேர்ந்த காலின் டாஸ் என்ற ஆராய்ச்சியாளர், பல்லின் மேல் எச்சில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கணக்கெடுத்தார். மேல் முன்பல்லின் வெளிப்பக்கம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. கீழ் முன்பல்லின் உள்பக்கம் அதைவிடப் பல மடங்கு வேகம்.

இப்போது அந்தக் குழந்தைக்கு வாருங்கள். ராத்திரி தூங்கப் புட்டிப்பால், அதில் சர்க்கரை. புட்டியை உறிஞ்சும்போது நாக்கு முன்னால் நீண்டு கீழ்ப்பற்களைப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. தூக்கம் வந்தால் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். மதகும் மூடியாயிற்று, கடைமடையில் சர்க்கரைத் தண்ணீரும் தேங்கியாயிற்று. கீழ் நாலுக்கு மேலே போர்வை, பக்கத்திலேயே ஊற்று. வேறென்ன வேண்டும்?

அம்மாக்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. இரவு முழுக்கத் தறி ஓடுகிற வீட்டில் பிள்ளை அழாமல் தூங்கினால் போதும் என்றுதான் இருக்கும். புட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சர்க்கரை போடாதீர்கள், தூங்கின பிறகு வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள். இருமலுக்குக் கொடுக்கும் சிரப்பும் சர்க்கரைதான். படுக்கும்போது அதைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுக்காமல் விடாதீர்கள். அந்தக் குழந்தையின் பல்லுக்கு ஒரு மருந்து இருக்கிறது, சில்வர் டையமைன் ஃப்ளோரைடு. ஜப்பானில் 1970-லிருந்து இருக்கிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஊசி வேண்டாம், குடைச்சல் வேண்டாம், தொட்டு வைத்தால் போதும். சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒரே சங்கடம், அந்த இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். நின்றுபோன கறுப்பா, ஓடிக்கொண்டிருக்கிற பழுப்பா என்று கேட்டால் நான் கறுப்பைத்தான் சொல்வேன்.

‘பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகுது’ என்று அங்கே ஒரு அண்ணன் சொல்வது கேட்கிறது. முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும், வாஸ்தவம். பால் பல்லில் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். அது அழுகினால் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்று தின்னும். முன்னாடியே பிடுங்கினால் பின்னால் இருக்கிற பல் அந்தக் காலியிடத்துக்குச் சாய்ந்துவிடும், அடியிலிருந்து வரவேண்டிய பல் வழி தெரியாமல் கோணிக்கொண்டு முளைக்கும். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பெஞ்சு.

அடுத்து நான் சொல்லப்போவதை, தூங்கிக்கொண்டிருப்பவரைத் தட்டியாவது கேட்கச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பல்.

எங்கள் சீட்டில் 36, 46 என்று எழுதுவோம். அதைப் பார்த்துவிட்டு, ‘எங்க பையனுக்கு நாற்பத்தாறு பல்லா டாக்டர்?’ என்று கேட்டவர்கள் உண்டு. வாயை நான்கு மூலையாகப் பிரித்து, மூலைக்கு ஓர் எண், அந்த மூலையில் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று இன்னோர் எண். நான்காவது மூலை, ஆறாவது பல்: கீழ் வலது கடைவாய்ப் பல். இந்த ஆறாவது பல் ஆறு வயதில் முளைக்கும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இதற்கு முன்னால் நிற்கிற பற்களெல்லாம் பால் பல் ஆடி, விழுந்து, ஓட்டின்மேல் எறிந்து, ஊரைக் கூட்டிக்கொண்டுதான் முளைக்கும். இந்தப் பல்லுக்கு முன்னோடி கிடையாது. எதுவும் விழாமல், பால் பல் வரிசைக்கும் பின்னால், ஒரு மூலையில் சத்தம் போடாமல் வந்து நிற்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பால் பல் என்று நினைத்துக்கொள்வார்கள். ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததிலிருந்து மேலும் கீழும் பொருந்தி மெல்லுகிற நிலைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருப்பதால் பிரஷ் அதன் தலைக்கு மேலேயே ஓடிவிடும். மெல்லாத பல்லில் அழுக்குத் தானாக உரசிப் போவதும் இல்லை. புதிதாக முளைத்த எனாமலும் இளசு. எச்சிலில் ஊறித்தான் இறுகும். இத்தனை ஆபத்தும் ஒரே பல்லுக்கு, அதுவும் ஒரே நேரத்தில். நிரந்தரப் பற்களிலேயே அதிகம் சொத்தையாவது எது என்று எந்தப் பல் மருத்துவரை எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அதிலும் கீழ்வரிசையில் இருப்பது ஒரு படி கூடுதல்.

அதன் தலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓடையும் பள்ளமுமாக இருக்கும். நூலின் பருமன் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள், கேளுங்கள். பிரஷ்ஷில் இருக்கிற ஒரு நார் சுமார் 0.2 மில்லிமீட்டர். பல பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளம் அதைவிடக் குறுகல். பிரஷ் நுழையாத சந்தில் சர்க்கரையும் கிருமியும் தாராளமாக நுழைகின்றன. மேலே மைக்கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்பு தெரியும். உள்ளே பானை மாதிரி குடைந்திருக்கும். வலி வரும்போது பையன் எட்டாவது படிப்பான்.

பள்ளம் ஆழமாக இருந்தால் பல் முளைத்த புதிதிலேயே பிசின் மாதிரி ஒரு பூச்சை ஊற்றி அடைத்துவிடலாம். கால் மணி நேர வேலை. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரமில் பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், அதுவே போதும்.

இன்னொன்று. வலப்பக்கம் ஆறாவது பல்லில் சொத்தை இருந்தால் நான் கேட்காமலே இடப்பக்கம் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். சேலைக்கு இரண்டு பக்கமும் ஒரே கரை வருகிற மாதிரி. இரண்டும் ஒரே நாளில் உருவாகத் தொடங்கி, ஒரே சமயத்தில் முளைத்து, ஒரே சோற்றைத் தின்ற பற்கள்.

பன்னிரண்டு வயதில் ஏழாவது பல் வரும், அதே கதை. பல் மருத்துவக் கவுன்சில் கணக்கில் 12 வயதில் 53.8 சதவீதம், 15 வயதில் 63.1. அதைத் தாண்டினால் சொத்தை இடம் மாறுகிறது. தலையை விட்டுவிட்டு, பல்லும் பல்லும் ஒட்டுகிற சந்துக்குப் போய்விடும். 35 முதல் 44 வயதுக்காரர்களில் 80.2 சதவீதம். அதாவது இந்த வயதில் சொத்தை இல்லாதவரைத்தான் தேட வேண்டும்.

இங்கே தறிக்காரர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை டீ? நாலா, ஐந்தா? ஒரு டீயை ஒரே மூச்சில் குடிப்பீர்களா? இல்லை. தறி மேல் வைத்துவிட்டு, நூல் அறுந்தால் போய் முடிந்துவிட்டு, வந்து ஒரு மடக்கு, மறுபடி போய், வந்து ஒரு மடக்கு. ஸ்டீபன் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மடக்குக்கும் பி.எச். இறங்குகிறது. எச்சில் அதை மீட்டுக் கொண்டுவருவதற்குள் அடுத்த மடக்கு. ஒரு டீயை அரை மணி நேரம் குடித்தால் பல்லுக்கு அது ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேர டீ.

எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதே பெரிது என்று ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த விதம் கொடுமை. விபேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆய்வு. அங்கிருந்தவர்களுக்கு ஒட்டுகிற டாஃபியை இடைவேளையில் தின்னக் கொடுத்துப் பல் எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சாப்பாட்டோடு சர்க்கரை சேர்ந்தபோது சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை; நடுநடுவே ஒட்டுகிற இனிப்பைத் தின்றவர்களுக்குத் தாறுமாறாகக் கூடியது. இன்று உலகத்தில் எந்தப் பல் மருத்துவர் ‘நடுவில் இனிப்பு வேண்டாம்’ என்று சொன்னாலும் அந்தப் பாவப்பட்டவர்களின் பல்லை வைத்துத்தான் சொல்கிறார். நானும் அப்படித்தான்.

ஆகவே டீயை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நின்று குடித்து முடியுங்கள், ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளித்துவிட்டுத் தறிக்குப் போங்கள். ‘நாங்க சர்க்கரை போடுறதில்லே, வெல்லம்தான்’ என்பார்கள் சிலர். திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிற கரும்பும் வெல்லம் காய்ச்சுகிற கரும்பும் ஒரே கரும்புதான்; கிருமிக்கு இரண்டும் ஒரே தீனி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? சுவாமி கொடுத்ததைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் விரலால் தொட்டுத் தொட்டு நக்குவதுதான் வினை.

தறிக்காரர் சிலருக்கு மேல் முன்பல் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதைச் சொத்தை என்று பயந்து வருகிறார்கள். அது நூலைப் பல்லால் கடித்துக் கடித்துத் தேய்ந்தது. தையல்காரர்களுக்கும் வரும். அதற்கு மருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

தேய்மானம் என்றதும் பல்பொடி ஞாபகம் வருகிறது. கரி, சாம்பல், செங்கல் தூள் போட்டு விரலால் தேய்க்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆலும் வேலும் வேறு விஷயம். குச்சியை மென்றால் எச்சில் ஊறும், நார் மெத்தென்று இருக்கும். செங்கல் தூள் பல்லின் கழுத்தை அறுத்துவிடும். பேஸ்ட்டில் நான் பார்ப்பது ஃப்ளோரைடு இருக்கிறதா என்பதை மட்டும்தான். நம் நாட்டில் 1000 பி.பி.எம். வரை அனுமதி, டியூபிலேயே எழுதியிருக்கும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம்.

ஃப்ளோரைடு கொஞ்சம் இருந்தால் பல் இறுகும், அளவு மீறினால் பல்லில் வரியும் கறையும் விழும், எலும்பே கெடும். இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவில் மனிதருக்கு வரும் ஃப்ளோரைடு நோயை முதலில் விரிவாக எழுதியது 1937-இல், பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைப் பற்றி. இந்தப் பக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் அது அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆகவே பிள்ளையின் பல்லில் வெள்ளை வரியோ பழுப்புத் திட்டோ இருந்தால் எல்லாமே சொத்தை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தான் என்றும் யோசியுங்கள்.

இனிப் பெரியவர்கள். அதே கவுன்சில் கணக்கில் 65 முதல் 74 வயதில் 85 சதவீதம். சொத்தை மறுபடி வீடு மாறுகிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற வயது. வேருக்கு எனாமல் போர்வை கிடையாது, 5.5 வரை இறங்க வேண்டாம், பி.எச். 6-க்கு மேலே இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும். சோற்றை ஊற வைத்து ஒதுக்கிக்கொள்கிறவர்களுக்கும், புகையிலையைக் கன்னத்தில் அதக்குகிறவர்களுக்கும் அங்கேதான் வளையம் போட்ட மாதிரி அரிக்கும். மரத்தை அடியில் சுற்றிலும் கொத்திவிட்ட மாதிரி, ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் தலையோடு கையில் வந்துவிடும். வலியே இருக்காது.

அந்த நாலு கீழ் முன்பற்களை மறந்துவிடவில்லை. மூன்று வயதில் தப்பித்தன, பதினைந்தில் தப்பித்தன, நாற்பதிலும் தப்பித்தன. ஊற்றின் வாசலிலேயே குடியிருப்பதால் கிடைத்த பலன். அதற்கு அவை கொடுக்கிற விலையும் உண்டு. எச்சிலில் இருக்கிற சுண்ணாம்பு அங்கேயே படிந்து இறுகிக் காரையாகிறது. நாக்கு நுனியால் தடவினால் கீழ்ப்பல்லின் உள்பக்கம் சொரசொரவென்று தட்டுமே, அதுதான். அது ஈறைத் தள்ளும், எலும்பு கரையும், பல் ஆடும். ஆக, சொத்தைக்குத் தப்பித்த பல் ஆட்டம் கண்டு விழுகிறது. காரையை எடுத்தால் பல் ஆடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த நாலு பல்லிலும் சொத்தையை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன். நோயைக் கொல்கிற கதிர் சில பேருக்கு எச்சில் சுரப்பியையும் சேர்த்துச் சுட்டுவிடும். ஊற்று வற்றின சில மாதத்திலேயே, அறுபது வருஷம் அசையாமல் நின்ற கீழ் முன்பற்கள் மளமளவென்று கறுத்துவிடும். அவர்களுக்கு முன்கூட்டியே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கதிர்வீச்சு தொடங்கும் முன்பு பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கதிர்வீச்சு வைக்காதவர்களுக்கும் வருகிறது. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரை, தூக்கத்துக்கும் மனசுக்கும் கொடுக்கும் சில மாத்திரை, சளி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதை அடக்கும் மாத்திரை என்று எச்சிலை வற்றவைப்பவை ஏராளம். சர்க்கரை நோயும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது, மிளகாய் பட்டால் எரிகிறது என்பார்கள். வாயைத் திறந்தால் என் கையில் இருக்கிற கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழ் முன்பல்லில் சொத்தையைப் பார்த்தால் நான் பல்லைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ‘பெரியவரே, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்பேன். ‘ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, ராத்திரிக்கு ஒரு சின்னது’ என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பல்லைக் காட்ட வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரைப் பட்டை அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.